இருபத்திரண்டாவது நிமிஷம்

"மறுபடியும் திரும்பி வந்துடுச்சுப்பா!"

எடிட்டர் மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கை வலித்ததுதான் மிச்சம்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்யக் கற்றுத்தரும் ஆன்லைன் பாடம். மொத்தமே நாற்பது நிமிஷம். ஏற்கெனவே நாலு தடவை திரும்பியாச்சு. இது ஐந்தாவது.

"இந்தத் தடவை என்னவாம்?" பக்கத்து மேஜையில் சப்டைட்டில் போடும் பெண் கேட்டாள்.

"மெக்கானிக் கையில இருக்கற வயர் சிவப்பா பிரவுனான்னு தெரியலையாம். போன தடவை ஃபேன் சத்தம். அதுக்கு முந்தி, விரல் ஸ்க்ரூவை மறைக்குதுன்னாங்க. பார்க்கறவன் உள்ளங்கை அளவு ஃபோன்ல பார்க்கப் போறான். அவனுக்கு எதுக்கு இவ்வளவு ஜோடனை?"

வீடியோக்களைச் சரிபார்க்கும் அந்த அம்மாவுக்கு ஆபீசில் 'மறுபடியும் அக்கா' என்றுதான் பேர். அவர் 'சரி' என்றால்தான் எந்தப் பாடமும் வெளியே போகும். அவர் வாயிலிருந்து 'சரி' வாங்குவதற்குள் எடிட்டர்களுக்கு உசிர் போய் உசிர் வரும்.

நேரே அவரிடமே போனான்.

"அக்கா, ஒரு வயர் கலர் தெரியலேன்னா குடியா முழுகிப் போயிடும்?"

"முழுகித்தான் போயிடும். உன் பாடத்தைப் பார்த்துட்டு எவனோ ஒருத்தன் நிஜமாவே மெஷினைக் கழட்டுவான். தப்பான வயர்ல கை வச்சான்னா, அவனுக்கு ஏது மறுபடியும்?"

அக்கா சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. மெக்கானிக்கைக் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்து, வெள்ளை விளக்குப் போட்டு அந்தக் காட்சியை எடுத்து முடித்தான். முடித்த கையோடு இன்னொரு காரியமும் செய்தான்.

"நாற்பது நிமிஷமும் இந்தம்மா உட்கார்ந்து பார்க்குதுன்னா நினைக்கறே? முதல்ல மூணு நிமிஷம், கடைசில மூணு நிமிஷம், நடுவுல குத்துமதிப்பா ஒரு இடம். நிரூபிச்சுக் காட்டறேன் பார்," என்றான் சப்டைட்டில் பெண்ணிடம்.

பாடத்தின் இருபத்திரண்டாவது நிமிஷத்தில் எட்டு விநாடி சொருகினான். அவனே ஃபோனில் எடுத்தது. நாக்கை நீட்டி, ரெண்டு காதையும் பிடித்து ஆட்டி, "மறுபடியும் அக்கா... ஏமாந்தீங்களா!"

சப்டைட்டில் பெண் பதறிப்போனாள். "வேணாம்ப்பா. போன வருஷம் பாடத்துக்கு நடுவுல விளையாட்டா ஒரு பாட்டைச் சொருகினவனை மேனேஜர் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டார். உனக்கு அடுத்த மாசம் கல்யாணம்."

"சரின்னு சொல்லப்போறது அக்கா. மாட்டப்போறதும் அக்காதான்."

மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "சரி. போடலாம்." அவ்வளவுதான், ஒரு நொட்டை இல்லை. மத்தியானமே பாடம் வெளியாகிவிட்டது.

எடிட்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஓட்டமாக மேனேஜர் அறைக்குப் போனான்.

"சார், நாங்க நாயா உழைக்கறோம். அக்கா என்னடான்னா வீடியோவைப் பார்க்காமலேயே சரின்னு அனுப்பறாங்க. வாஷிங் மெஷின் பாடத்துல இருபத்திரண்டாவது நிமிஷம் போட்டுப் பாருங்க."

மேனேஜர் அக்காவையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். பாடத்தை ஓட்டினார்.

மெக்கானிக் பின்பக்க மூடியைக் கழற்றினார். வயரைத் தூக்கிக் காட்டினார். பளிச்சென்ற சிவப்பு. அப்புறம் பெல்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இருபத்துமூன்றாவது நிமிஷமும் வந்துவிட்டது. நாக்கும் இல்லை, காதும் இல்லை.

எடிட்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். அது திரையில் வந்திருந்தால் மேனேஜர் முதலில் என்ன கேட்டிருப்பார்? 'இது யார் மூஞ்சி?' என்றுதானே கேட்டிருப்பார்! அந்தப் புத்தி அப்போதுதான் வந்தது.

"இதுல என்னய்யா இருக்கு?"

"அது வந்து... சார்..."

"வெளியானப்புறம் நீ இதைப் பார்த்தியா?"

"இல்ல சார்."

"நீ பார்க்காமலேயே, அவங்க பார்க்கலேன்னு சொல்ல வந்துட்டியாக்கும்! பேஷ்!"

"விடுங்க சார்," என்றார் அக்கா. "அந்த ஒரு வயருக்காகத் தம்பி மெக்கானிக்கைத் திரும்பக் கூப்பிட்டு எடுத்திருக்கான். ஏகப்பட்ட அலைச்சல். அந்த எரிச்சல்தான், வேற ஒண்ணுமில்ல. வேலை சுத்தம் சார்."

வெளியே வந்ததும் அக்காவுக்குப் பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, நீங்களே வெட்டி எடுத்துட்டீங்களா? சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும்."

"கல்யாணத்தை வச்சுக்கிட்டு வேலையில்லாம நிப்பியா? போ, போய் அடுத்த பாடத்தைப் பாரு."

ரெண்டு எட்டு வைத்தவர் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு. அந்த எட்டு விநாடியை மூணு தடவை ஓட்டிப் பார்த்தேன். பாதி மூஞ்சி இருட்டுல கிடக்கு, நாக்கு மட்டும்தான் தெளிவா விழுந்திருக்கு. நல்ல வெளிச்சத்துல உட்கார்ந்து மறுபடியும் எடுத்துட்டு வா."