இன்னொரு நுனி

“வே சாம்பசிவம், இன்னைக்காவது அந்த நுனியக் குடுக்கீரா, இல்லியா?”

“தரமாட்டேன் ஓய். நடையைக் கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்பாசமுத்திரத்தில் அந்த வீட்டு ஹாலில் இதுதான் கச்சேரி.

சாம்பசிவம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மீன் வாசனையே ஆகாத வீடு. ஆனால் சுவர் முழுக்க மூங்கில் தூண்டில்கள். மலை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போனவை. மூன்று துண்டைப் பித்தளைப் பூணில் செருகினால் ஒரு தூண்டில். நுனி சட்டென்று ஒடியும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி கொடுப்பார்களாம். எல்லாம் கைவேலை, ஒன்றின் பூண் இன்னொன்றுக்குப் பொருந்தினால் அதிர்ஷ்டம்தான்.

கப்பல் வேலையில் ஓய்வுபெற்ற ஜோன்ஸுக்கும் இதே பைத்தியம். வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வருவார். அவருடைய தூண்டிலில் இரண்டு நுனியும் ஒடிந்துபோனதாம். அதே கம்பெனித் தூண்டில் சாம்பசிவத்திடம் இருக்கிறது, உபரி நுனியோடு.

“உமக்குச் சும்மாதான வே கெடக்கு?”

“சும்மா கெடந்தா உமக்குத் தரணுமா? தூண்டிலைப் பேணத் தெரியாதவருக்கு நுனி ஒரு கேடா?”

காபி கொண்டுவந்த மருமகள் சுப்ரியாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வீடு தேடி வந்தவரை இப்படியா பேசுவது? மாமியார் வாலாம்பாள் உயிரோடு இருந்தால் இதற்கு விட்டிருப்பாளா?

மறுநாள் மாமனார் அசந்த நேரம் பார்த்து, அந்த நுனியைப் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு வள்ளியூருக்குக் கிளம்பிவிட்டாள்.

ஜோன்ஸ் கதவைத் திறந்தார். வீட்டில் வேறு ஆள் அரவம் இல்லை. ஒற்றைத் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. சுவரில் அந்தத் தூண்டில், நுனியோடு பளபளவென்று மாட்டியிருந்தது. பக்கத்திலேயே இன்னொரு நுனி.

“அங்கிள், ரெண்டு நுனியும் இருக்கே.”

ஜோன்ஸ் தலையைச் சொறிந்தார்.

“ஒங்க அத்த போனப்புறம் அவரு யாருட்டயும் பேசாமக் கெடந்தாருல்லாம்மா. நானும் என்னென்னவோ பேசிப் பாத்தேன். நுனியக் கேட்டதும்தான் வாயத் தொறந்து ஏசுனாரு. ஏசுறதும் பேச்சுதானன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். இத எடுத்த எடத்துலயே பைய வச்சிரும்மா.”

சுப்ரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இப்படிப்பட்ட மனுஷர் தன் வீட்டில் இத்தனை நாள் ஏச்சு வாங்கியிருக்கிறாரே.

வீடு திரும்பியவள் சத்தம் காட்டாமல் நுனியை உறையில் வைத்தாள். சாம்பசிவம் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வாங்கிக்கலையாக்கும்?”

அவள் திடுக்கிட்டாள். “அப்பா, உங்களுக்குத் தெரியுமா?”

“பூண் பொருந்தறதான்னு ஒருதரம்கூடப் போட்டுப் பார்க்காம எவனாவது நுனி கேட்பானோ? அவர்கிட்ட ரெண்டும் பத்திரமா இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும்.”

“அப்புறம் ஏன் அவரை அப்படித் திட்டறேள்? தரேன்னு ஒரு வார்த்தை சொல்லலாமே.”

சாம்பசிவம் பேப்பரை மடித்து வைத்தார்.

“பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டுல. பாவம், தனியாக் கெடக்கார். தரேன்னு சொல்லிட்டா, அடுத்த ஞாயித்துக்கெழமை எதைக் கேட்டுண்டு வருவார்?”