பக்கத்து வீட்டுத் தகராறு

ஹாலிஃபாக்ஸில் இருக்கும் தன் வீட்டை விற்றுவிட்டுத் தங்கை ஊருக்குப் போகவிருந்த வினிஃப்ரெட் அம்மாளிடம், பத்திர வேலை பார்க்கும் வக்கீல் கேரத் கேட்டான்: "பக்கத்து வீட்டோட தகராறு ஏதாவது உண்டா? வாங்குறவங்ககிட்ட மறைக்கக் கூடாது, சட்டம்."

"எழுதிக்கோ கண்ணு. பக்கத்து வீட்டுக்காரன் கேக்காம என் வேலிச்செடியை வெட்டினான். ஞாயித்துக்கிழமையும் ட்ரம்ஸ் அடிப்பான். நான் கத்தினா காதுல எதையாவது மாட்டிக்குவான்."

கேரத் பேனாவை நிறுத்தினான். "இதைப் படிச்சா வாங்க வந்தவர் ஓடிடுவாரே. அப்புறம் எப்படி தங்கச்சி ஊருக்குப் போவீங்க?"

"அவரோட வக்கீல் வரி விடாம படிச்சுக் காட்டுவாரா?"

"கட்டாயம். கையெழுத்துக்கு முன்னாடியே."

"அப்ப சரி. வாங்குறதே அவன்தான், ரெண்டு வீட்டையும் ஒண்ணாக்கணுமாம். இத்தனை வருஷம் நான் சும்மா சொன்னதை, இப்ப வக்கீலுக்குக் காசு கொடுத்துக் கேக்கட்டும்."