கூரைமேல் ஒருத்தர்

காரின் கூரையில் கேரியரை மாட்டிவிட்டால் தீர்ந்தது. அப்புறம் ‘நான் வரவில்லை’ என்று சொல்ல வாயே வராது.

கார் சாமான் கடைக்குள் ஒரு நடை நடந்தாள் நொயெலின். மறுபடி வாசலுக்கு வந்தாள். எதிரே, காபிக்கான வரிசையில் அவள் புருஷன் கிளைவ் முன்னால் நிற்பவரிடம் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டிருந்தான். எதைப் பற்றி என்று கேட்கவே வேண்டாம்.

ரயில்வே பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவனுக்கு இதே பேச்சுதான். ஆஸ்திரேலியாவையே ஒரு சுற்று. வண்டிமேல் கேரியர், கேரியர்மேல் கூடாரம், கூடாரத்துக்குள் இவர்கள் இரண்டு பேர். ஒரு வருஷம்.

அவளுக்கு வேண்டியது வீடு. கிளைவ் இல்லாத வீடு. மேஜை முழுக்கத் தையல் துணியைப் பரப்பிவிட்டு, பசித்தபோது மட்டும் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வருஷம்.

வெறுப்பு ஒன்றுமில்லை. சொன்னால் அவன் நொறுங்கிப் போவான். அதனால்தான் மாதக்கணக்கில் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

“இதுவா, அதுவா? சொல்லுங்கக்கா,” என்றான் கடைக்கார ப்ரோடி.

இது மலிவு. கூரையின் ஓரத்தை நாலு காலால் கவ்விப் பிடிக்கும். அது மூன்று மடங்கு விலை. கூரை நீளத்துக்கும் போல்ட் போட்டு இறுக்குவது.

“விலைய விடுங்க. ராத்திரி கூடாரத்துல எத்தனை பேர் படுக்கப் போறீங்க? ரெண்டுன்னா அதுதான் தாங்கும். ஒருத்தர்னா இதுவே போதும், வீணா செலவு பண்ணாதீங்க.”

நொயெலின் வாசலைப் பார்த்தாள். கேள்வியே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கிளைவ் காபியோடு தெருவைக் கடக்கத் தொடங்கிவிட்டான்.

“ஒருத்தர்,” என்றாள்.

சொல்லிவிட்டாள்!

“அண்ணனும் நேத்து போன்ல அதையேதான் சொன்னாரு,” என்று மலிவானதைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான் ப்ரோடி.

 அவள் வரப்போவதில்லை என்று கிளைவுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் இத்தனை நாள் வரைபடத்தை விரித்து வைத்து ஊர் ஊராகக் காட்டினானா? நெஞ்சு லேசானது. லேசான இடத்தில் சுருக்கென்று என்னமோ தைத்தது. தனியாகப் போக அவ்வளவு ஆசையா இவனுக்கு?

“என்ன கிழவி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?” கிளைவ் காபியை நீட்டினான். “ஓ, பையன் உளறிட்டானா? கிளம்பினப்புறம் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். கூடாரம் உனக்கு மட்டும்தான். என் குறட்டையில நீ என்னிக்குத் தூங்கின? நான் கீழ, தரையிலயே மெத்தைய விரிச்சுப் படுத்துக்குறேன். வருஷம் பூரா நீ நிம்மதியாத் தூங்கு.”

அவன் முகம் பரிசு கொடுத்த பிள்ளையின் முகமாக இருந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

வெளியே ப்ரோடி கேரியரின் முதல் காலைக் கூரையோரத்தில் முடுக்கிக்கொண்டிருந்தான்.