இறங்கும் வரிசை

படிக்கட்டின் கடைசித் திருப்பத்தில் கண்ணாடி உடைந்திருந்தது.

சுவர் விரிசலின் குறுக்கே ஃபோல்க்மார் தன் கையால் ஒட்டிய சின்னத் துண்டு அது. விரிசல் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். காலையில் பார்த்தபோது முழுசாக இருந்தது.

இப்போது விரிசலிலிருந்து மணல் கொட்டிக்கொண்டிருந்தது. நிற்காமல்.

தலைக்கு மேலே, கோபுர உச்சியில், கோட்டையைச் சுற்றிக் காட்ட அவர் கூட்டிவந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முட்டி வலியால் அவர் எப்போதும் கடைசியாகத்தான் ஏறுவார்.

மேலே வந்தார். எல்லோரும் மேற்குச் சுவரில் சாய்ந்து, கீழே சரிவெங்கும் பழுத்துக் கிடந்த திராட்சைத் தோட்டங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விரிசல் அந்தச் சுவரில்தான்.

"என்ன டாக்டர், இப்படி மூச்சு வாங்குது? ஊர் மாட்டுக்கெல்லாம் ஊசி போட்டீங்க, உங்களுக்குப் போட ஆளில்லையா?" என்றார் குனோல். கூட்டத்திலேயே பருமனான ஆள்.

ஃபோல்க்மாரும் சேர்ந்து சிரித்தார்.

கத்தினால் எல்லோரும் ஒன்றாக ஓடுவார்கள். படிக்கட்டில் ஓர் ஆளுக்குத்தான் இடம். அந்த ஓட்டத்தின் அதிர்வே போதும்.

ஆகவே வழக்கமான குரலில் கதையை எடுத்தார். ஆயிரத்து அறுநூற்று எண்பத்தொன்பதில் பிரெஞ்சுப் படை இந்தக் கோபுரத்தின் அடியில் வெடிமருந்தைத் திணித்துக் கொளுத்தியது. கோட்டை விழுந்தது. கோபுரத்தில் பாதி மட்டும் பிடிவாதமாக நின்றது. விழுந்த கல்லை ஊர்க்காரர்கள் கொண்டுபோய் வீடும் பன்றிக் கொட்டகையும் கட்டிக்கொண்டார்கள்.

அது வரைக்கும் உண்மை.

புதையல், வெள்ளையுடைப் பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே முகம் சுளிப்பவர் அவர். இன்று வாய் கூசாமல் சொன்னார்: "போன வாரம் கீழ முற்றத்துல ஒரு பானை கெடச்சுது. உள்ள தங்கம். இன்னும் பேப்பர்ல வரல. ஒவ்வொருத்தரா மெதுவா எறங்குங்க, காட்டறேன்."

கூட்டம் கலகலத்தது. சுவரோரம் நீல மழைச்சட்டையில் நின்ற இளம்பெண் மட்டும் சிரிக்கவில்லை. கேமராவைத் தாழ்த்தி, அவர் முகத்தையே பார்த்தாள்.

அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

படிக்கட்டு வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களிலிருந்து தொடங்கினார். குழந்தையோடு ஒரு தாய். கைத்தடியோடு இரண்டு முதியவர்கள். ஒருவர் காலடிச் சத்தம் கீழே தேய்ந்த பிறகுதான் அடுத்தவரை விட்டார். தூரத்தில், சுவரோரம் நிற்பவளை முதலில் கூப்பிட்டால், ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள்.

நீலச்சட்டைக்காரி புரிந்துகொண்டாள். "அட, நகருங்க குனோல், தங்கம் தீந்துடப் போகுது!" என்று அவர் முதுகில் செல்லமாகக் கை வைத்துத் தள்ளினாள். தான் மட்டும் சுவரோரத்திலேயே இருந்து, தயங்கியவர்களை ஒவ்வொருவராக முன்னால் அனுப்பினாள்.

குனோல் இறங்கும்போது கல் முனகியது.

கடைசியில் அவளும் அவரும் மட்டும். அவர் தலையசைத்தார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் வாசலைக் காட்டினார். அவள் இறங்கினாள். அவள் காலடிச் சத்தம் அடங்கிய பிறகு அவரும் இறங்கினார்.

அவர் எல்லோரையும் நகர்த்திக்கொண்டு முற்றத்தைத் தாண்டி நுழைவாயில் வளைவை எட்டியபோது மேற்குச் சுவர் சரிந்து இறங்கியது. பெரிய சத்தமாகக்கூட இல்லை. நீளமான ஒரு பெருமூச்சு போல. பிறகு புழுதி.

குனோல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

குழந்தையின் தாய்தான் முதலில் வாய் திறந்தாள்.

"தெரிஞ்சேதான எங்கள எறக்கினீங்க? அப்புறம் ஏன் இந்தப் பொண்ண அந்தச் சுவர்கிட்டயே கடைசி வரைக்கும் நிக்க விட்டீங்க? உங்க சொந்தப் பொண்ணா இருந்தா விட்டிருப்பீங்களா?"

ஃபோல்க்மார் வளைவின் கல்லைப் பிடிக்கக் கை நீட்டினார். கை நழுவியது.

நீலச்சட்டைக்காரி ஓடிவந்து தோளில் தாங்கினாள்.

"அப்பா, உக்காரு," என்றாள். "மொதல்ல உக்காரு."