காருக்கு நல்ல தண்ணி

"ஏலே தளவாய், பின்னால எரியுதா பாரு!"

ஆறுமுகநயினார் அண்ணாச்சி காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார்.

"எரியல மொதலாளி," என்றான் பின்னால் நின்ற டிரைவர் தளவாய்.

"இப்போ?"

"இப்பவும் இல்ல."

"முன்னால?"

"ஒண்ணு மினுங்குது. இன்னொண்ணு ஒரேயடியா செத்துப் போச்சு."

அண்ணாச்சி ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார். பொங்கலுக்கு வாங்கிய அம்பாசிடர். சித்திரை மாசத்திலிருந்து இதே ரோதனை. அதுவும் இன்றைக்குப் பார்த்தா!

இன்று மாலை வியாபாரிகள் சங்கத்தில் அவருக்குப் பொன்னாடை. இந்தக் கோடையில் பருப்புக் கடை வாசலில் தண்ணீர்ப் பந்தல் வைத்ததற்காக. திரும்பி வரும்போது இருட்டிவிடும். பொன்னாடையும் கழுத்துமாக நடுரோட்டில் போலீஸ்காரரிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

கார் எலெக்ட்ரீசியன் எஸ்றா பையோடு வந்து சேர்ந்தார்.

"பல்ப் மாத்தி மாத்தி ஓஞ்சு போனேன் எஸ்றா. மாத்துன பத்தாம் நாளு அவிஞ்சு போவுது."

எஸ்றா பின் விளக்கின் பல்பைக் கழற்றி, இரண்டு வயரால் பேட்டரியோடு சேர்த்துப் பிடித்தார். பளிச்சென்று எரிந்தது.

"பல்ப் நல்லாத்தானே இருக்கு!"

"அப்போ இதுவரைக்கும் நான் தூக்கிப் போட்டது?"

"அதுவும் நல்ல பல்பாத்தான் இருந்திருக்கும்."

அண்ணாச்சி தூக்கிப் போட்ட பல்புகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

எஸ்றா ஃபியூஸைப் பார்த்தார். சரியாக இருந்தது. பல்ப் உட்காரும் ஹோல்டரை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தார். உள்ளே பச்சைப் பசேல் என்று பூத்துக் கிடந்தது. ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு."

"கடக்காத்து. தூத்துக்குடில உப்பில்லாம வேற என்ன இருக்கும்?"

"காத்துன்னா இவ்வளவு சீக்கிரம் பூக்காது அண்ணாச்சி. ஹார்பர் டாக்சி எல்லாம் கடலைப் பாத்துக்கிட்டேதான் கெடக்கு. இது தண்ணி எறங்கி, காஞ்சு, உப்பு மட்டும் தங்கியிருக்கு. வண்டியக் கிணத்துத் தண்ணிலயா கழுவுதிய?"

அண்ணாச்சி துள்ளி இறங்கினார்.

"கிணத்துத் தண்ணியா? உப்பு பட்டா வண்டி துருப் புடிக்கும்னுதானே, தண்ணி வண்டிக்காரன்ட்ட தெனமும் ஆத்துத் தண்ணி வாங்குதேன்! குடிக்கத் தண்ணியில்லாத ஊர்ல காருக்கு நல்ல தண்ணி வாங்குதவன் நான் ஒருத்தன்தான்!"

பெருமையாகத்தான் சொன்னார்.

எஸ்றா தளவாயைப் பார்த்தார். தளவாய் கார் துடைக்கும் துணியை மடித்துக்கொண்டிருந்தான். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தான்.

"ஏலே, எந்தத் தண்ணில கழுவுத?"

"கிணத்துத் தண்ணில மொதலாளி."

"அப்போ நல்ல தண்ணி எங்க போவுது?"

தளவாய் துணியை மூன்றாவது தடவையாக மடித்தான்.

"வித்துட்டியாக்கும்?"

"ஒரு சொட்டு வித்திருந்தா என் கண்ணு அவிஞ்சு போவட்டும்."

"வீட்டுக்குக் கொண்டு போனியா?"

"இல்ல மொதலாளி."

"பின்ன ஆவியாவா போச்சு?"

எஸ்றாவுக்குப் பாவமாக இருந்தது. ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லிரு தளவாய். உண்மையச் சொன்னா அண்ணாச்சி மன்னிச்சிருவாக."

"சொன்னா மொதலாளிக்குத்தான் சங்கடம். வேண்டாம்."

"எனக்கா சங்கடம்? திருட்டுப் பயலே! நாளையில இருந்து நீ வரவேண்டாம். சாவிய வச்சிட்டுப் போ!"

மாப்பிள்ளையூரணியில் தளவாயின் பெண்டாட்டி பேச்சி கைக்குழந்தையோடு இருக்கிறாள். இந்த வேலை போனால் அவனுக்கு உப்பளத்துக் கூலிதான் கதி. அப்படியும் அவன் சாவியைப் பானெட்டின் மேல் வைத்தான்.

எஸ்றா முன் விளக்குகளையும் அதேபோலத் தேய்த்து, பல்புகளை மாட்டி சுவிட்சைப் போட்டார். முன்னால் வெள்ளையாகவும் பின்னால் சிவப்பாகவும் எரிந்தன. சந்தோஷப்படத்தான் ஆளில்லை.

அப்போது வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார் ஜெயசிங். சங்கத்துச் செயலாளர்.

"கெளம்பலியா அண்ணாச்சி? அங்கன எல்லாரும் வந்தாச்சு. நான் ஒங்க பந்தல்ல ரெண்டு தம்ளர் குடிச்சிட்டு வாரேன். அடடா, என்ன தண்ணி!"

"தண்ணில என்ன?"

"என்னவா? ஊரு பூராப் பந்தல் போட்டிருக்கான், எல்லாம் வாயில வைக்க முடியாத உப்பு. ஒங்க பந்தல்லதான் ஆத்துத் தண்ணி, எளநி கணக்கா! அதுக்குத்தானே சங்கத்துல ஒரே மனசா பொன்னாடைன்னு முடிவு பண்ணுனோம்."

"ஆத்துத் தண்ணியா?"

அண்ணாச்சியின் குரல் பாதியாகக் குறைந்திருந்தது. தன் பந்தலில் அவர் ஒருநாளும் வாய் நனைத்ததில்லை. மெல்லத் திரும்பித் தளவாயைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வண்டில ஏதும் கோளாறா?" என்றார் ஜெயசிங்.

எஸ்றா வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல, கடக்காத்து."

பானெட்டிலிருந்து சாவியை எடுத்துத் தளவாயின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"வண்டிய எடுலே."

சித்திரை பிறந்த அன்று பந்தலைத் திறந்த கையோடு, "பானைக்குக் கிணத்துத் தண்ணியே போதும்லே, மனுசனுக்குத் துருவா புடிக்கப் போவுது?" என்று தளவாயிடம் சொன்னவர் அவர்தான்.