மோட்டார் ஆறட்டும்

"மறுபடியும் நின்னுபோச்சா!"

சூப்பர்வைசர் போட்ட சத்தத்துல பேக்கிங் ஹாலே அதிர்ந்தது.

சரக்கு நகர்ற பெல்ட் அசையாம கிடந்தது. காலையிலேர்ந்து நின்னு கால் கடுத்துப்போன பொம்பளைங்க ஆளுக்கொரு அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாங்க. பெல்ட் ஓடும்போது யாரும் உட்காரக் கூடாது. முதலாளி சட்டம் அது.

"ஏம்மா எலக்ட்ரீஷியன், தினம் மத்தியானம் இதே கூத்தா? சம்பளம் எதுக்கு வாங்கறே?"

அவ டூல் பையைத் தூக்கிக்கிட்டு நடந்தா.

"அக்கா, மெதுவாவே பாருங்க," ஏழு மாச வயித்துக்காரி காலை நீட்டிக்கிட்டுச் சிரிச்சா. "அவசரமே இல்ல."

"உனக்கென்னடி, சிரிப்பே. என் வேலைக்குல்ல உலை வைக்குது இது!"

நிஜம்தான். இன்னிக்குள்ள காரணம் கண்டுபிடிக்கலைன்னா வேற ஆளைப் போடறதா முதலாளி சொல்லிட்டாரு.

பெல்ட் மோட்டாரோட வேகத்தைக் கூட்டிக் குறைக்கறது டிரைவ்னு ஒரு பெட்டி. மோட்டார் சூடானா அதுவே நிறுத்திடும். நிறுத்தின கையோட முதலாளி போனுக்குக் கோள் மூட்டிடும். ஆறுற வரைக்கும் தலைகீழா நின்னாலும் ஓட விடாது.

'மோட்டார் அதிக சூடு'ன்னு காட்டுச்சு அது. அவ போய் மோட்டார்ல கை வச்சா. சூடாவது ஒண்ணாவது! காய்ச்சல் விட்ட குழந்தை நெத்தி மாதிரி லேசா வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

டிரைவ் செட்டிங்கைத் திறந்தா. மோட்டார் எவ்வளவு கரண்ட் தாங்கும்ங்கற அளவை யாரோ நல்லாக் குறைச்சு வச்சிருந்தாங்க. நல்லா ஓடற மோட்டாரை டிரைவ் சூடுன்னு நம்பாம என்ன செய்யும்? காலையில சரியா இருந்த அளவு அது. தினம் சாயங்காலம் பார்க்கும்போதும் சரியாவே இருக்கும். இன்னிக்கு நின்ன உடனே பார்த்ததால மாட்டுச்சு.

பெட்டிச் சாவி அவகிட்ட மட்டும்தான். அப்போ மாத்தினவங்க வயர் வழியா மாத்தியிருக்கணும். டிரைவ்லேர்ந்து போற அந்த கம்யூனிகேஷன் வயர் சேர்ற இடம் ஒண்ணே ஒண்ணு. சூப்பர்வைசர் ரூம் கம்ப்யூட்டர்.

அவளுக்குப் பத்திக்கிட்டு வந்தது. தன் மச்சானுக்கு இங்கே வேலை கேட்டு அலையற ஆளாச்சே அந்த சூப்பர்வைசர்!

கதவைத் தள்ளினா. உள்ளே போன் ஸ்பீக்கர்ல முதலாளி.

"அந்தப் பொண்ணை மாத்திடலாமாய்யா?"

"வேணாங்க. அவ மேல தப்பே இல்ல. மோட்டார்தான் பழசு. நான் பொறுப்பு."

அவ வாசல்லயே நின்னுட்டா.

"சரி. அப்புறம், மறுபடி பேக்கிங் பொம்பளைங்களுக்கு ஸ்டூல் வேணும்னு ஆரம்பிச்சிடாதே."

"இல்லீங்க. அதான் முடியவே முடியாதுன்னுட்டீங்களே."

சொல்லிக்கிட்டே சூப்பர்வைசர் கண்ணாடி வழியா ஹாலைப் பார்த்தாரு. அவளும் பார்த்தா. ஏழு மாசக்காரி செவுத்துல தலை சாய்ச்சுக் கண்ணை மூடியிருந்தா.

மேஜையில கம்ப்யூட்டர். திரையில டிரைவோட செட்டிங் பக்கம். அவளைப் பார்த்ததும் மனுஷன் முகம் வெளிறிப்போச்சு.

"என்னய்யா, பேச்சு நின்னுபோச்சு? எலக்ட்ரீஷியன் வந்துட்டாளா? என்ன சொல்றா?"

அவ போன் பக்கம் குனிஞ்சா.

"செம சூடுங்க முதலாளி. கையே வைக்க முடியல. தினம் கொஞ்ச நேரம் ஆற விட்டே ஆகணும்."