அந்த ஊரில் துணி காயாது

கட்டில் முழுக்கத் துணி. அம்மாவுக்கு உட்கார இடமில்லை, நின்றுகொண்டிருந்தாள். மகள் மட்டும் அந்தக் குவியலின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஜீன்ஸா? வேண்டவே வேண்டாம். வேர்வையில காலோட ஒட்டிக்கும். அப்புறம் ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தாதான் கழட்ட முடியும்."

ஜீன்ஸ் தரைக்குப் போனது.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அவள்தான் வருகிறவர்களுக்குச் சொல்வாள், இந்த ஃபிரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இல்லை, அதைப் போட்டுப் பாருங்கள் என்று. இன்றைக்கு அவளுக்கே ஒருத்தி பொருத்தம் பார்க்கிறாள்.

கடலும் திடீர் மழையும் புழுக்கமுமாகக் கிடக்கும் அந்த நாட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. கணவனிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். காசைக் கொடுத்துப் போய் வேர்த்து ஒழுகணுமா என்பான். கடைசியில் அவன் அவளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இன்னொருத்தியோடு தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் போன அன்றைக்கு மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னாள், அந்தப் பொம்பளை மூஞ்சியில் விழிக்கவே மாட்டேன் என்று.

அப்பாவை வெளியே எங்காவது சந்தித்துவிட்டு வருவாள். அம்மா தடுத்ததும் இல்லை, துருவிக் கேட்டதும் இல்லை. அந்த ஒரு வாக்கு போதுமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள், குளித்தாள், கடைக்குப் போனாள், சிரித்தாள்.

இப்போது இருவருமாகப் போகிறார்கள். ஓட்டலைக்கூட மகள்தான் பார்த்துப் பார்த்துப் பிடித்தாள்.

பட்டுச் சட்டை கூடாது, வேர்வைக் கறை தெரியும். வெள்ளை ஷூ கூடாது, சாயங்காலம் மழை கொட்டினால் தெருவெல்லாம் செம்மண். ஆனால் ஒரு சால்வை கட்டாயம் வேண்டும், பஸ்ஸில் ஏசி எலும்பைத் துளைக்கும்.

இதெல்லாம் யாருடி உனக்குச் சொன்னது என்று அம்மா கேட்டாள். நெட்டில் எல்லாம் இருக்கிறது என்றாள் மகள்.

பிள்ளைக்கு எவ்வளவு அக்கறை என்று அம்மா பூரித்துப்போனாள்.

பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, பீரோவுக்குள்ளிருந்து அந்த மஞ்சள் கவுனை எடுத்தாள். யாருக்கும் சொல்லாமல் வாங்கி வைத்தது. கடற்கரையில் ஒரு சாயங்காலம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று. கண்ணாடி முன்னால் நின்று, உடம்போடு சேர்த்துப் பிடித்து, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்கும்மா. ஆனா ஒரு தடவை நனைஞ்சா அவ்வளவுதான், அங்க துணி காயவே காயாது. பால்கனியில போட்டா இன்னும் ஈரமாகும். சித்திதான் ஹேர் டிரையரைப் புடிச்சுப் புடிச்சு ஒவ்வொண்ணா காய வெப்பாங்க."

கண்ணாடிக்குள் மகள் தெரிந்தாள். குனிந்து ஒரு பனியனைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சொன்னது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

அம்மா திரும்பவில்லை.

"டிரையர் ரூம்லயே இருக்குமா? நாம எடுத்துட்டுப் போகணுமா?"

"இருக்கும்மா. பாத்ரூம் கதவுக்குப் பின்னாடி மாட்டியிருக்கும்."

போன விடுமுறைக்குக் கல்லூரித் தோழிகளோடு மலைக்குப் போய்விட்டு வந்தாள் மகள். தோளெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. மலை வெயில் தெரியாமலே சுட்டுவிடும் என்றாள். தினமும் கடையிலிருந்து வந்த கையோடு, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், அந்தத் தோளில் கற்றாழை தடவி ஊதிவிட்டது இவள்தான்.

போனால் போகட்டும். பெற்றவன் கூப்பிட்டால் பிள்ளை போகத்தான் செய்யும். கேட்டிருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டாவது, இவளே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பாள்.

ஆனால் அந்த வார்த்தை.

அது தடுக்கவில்லை, திக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்பதுபோல வந்து விழுந்தது. ஒரே ஒரு பயணத்தில் அது வாயில் அப்படிப் படிந்துவிடாது. எத்தனை முறை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். எத்தனை முறை ஒரு கதவு திறந்து, வாடா கண்ணு என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இங்கே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, இவள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்க வேண்டும்.

கண்ணாடியில் மஞ்சள் நிறம் அவளுக்கு எடுப்பாகவே இல்லை.

கவுனை இறக்கினாள். துணிகளை ஒதுக்கி, முதல் முறையாகக் கட்டிலில் ஓர் இடம் பண்ணிக்கொண்டு, மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். சுருட்டிய பனியனை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"என்னம்மா?" என்று மகள் நிமிர்ந்தாள், இன்னும் சிரித்த முகமாக.

"எனக்குத் தங்கச்சியே கிடையாதேடி."